பத்திரம் யார் பெயரில்? செரோக்கி மக்களின் ஒப்பந்தப் பணத்தைக் கேட்டு வாங்கிய ஒரு மலைக் கடைக்காரர்

இது 1836 முதல் 1875 வரை, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து மேற்கு மலைகளில் நடந்தது. ஒரு கடைக்காரர், தன் கடைக்கு வந்துபோகும் செரோக்கி பழங்குடி மக்களுக்காக ஊரைவிட்டுப் போய் வாஷிங்டனில் மாதக்கணக்கில் தங்கினார். ஒப்பந்தப்படி அவர்களுக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டு வாங்கினார், அந்தப் பணத்தில் அவர்களுக்கு நிலமும் வாங்கினார். பத்திரங்களை மட்டும் தன் பெயரில் எழுதிக்கொண்டார். அப்புறம் அவரே கடனாளி ஆனார்.

கடைக்காரர், அவருடைய தாய், அவரை மகனாக ஏற்ற செரோக்கித் தலைவர், கடன் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்களை இங்கே எழுதவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்ற வாதம் நூற்றைம்பது ஆண்டுகளாக நடக்கிறது. என் அக்கறை அதில் இல்லை. பிறர் பணத்தைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பின்னணி

கடைக்காரர் 1805இல் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை நீரில் மூழ்கி இறந்துவிட்டார். தாய்க்கு ஒரே பிள்ளை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சோகோ ஓடைக்கரையில் இருந்த ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று ஆண்டுக்கு நூறு டாலர் என்று பேச்சு. கடை நொடித்துப்போனது. கூலிக்குப் பதிலாக முதலாளி கொடுத்தது சில சட்டப் புத்தகங்கள். பையன் அவற்றை உட்கார்ந்து படித்தான். பின்னாளில் செரோக்கியரின் வழக்கை அவர் எடுத்துப் பேசியதற்கு அடிப்படை அந்தப் புத்தகங்கள்தான்.

கடையில் நின்றபடியே செரோக்கி மொழி பேசக் கற்றுக்கொண்டார். செக்வோயா என்ற செரோக்கியர் 1821இல் தம் மொழிக்கு உருவாக்கி முடித்த எழுத்தையும் பிறகு கற்றார். தந்தையில்லாத அந்தப் பையனை உள்ளூர்ச் செரோக்கித் தலைவர் மகனாக ஏற்றுக்கொண்டார். சில ஆண்டுகளில் குவாலா என்ற இடத்தில் பையன் சொந்தக் கடை வைத்தான். 1830களில் கடைகள் பலவாகின. செரோக்கியர் ஜின்செங் என்ற மருந்து வேரும் மான்தோலும் கொண்டுவருவார்கள். துணி, உப்பு, இரும்புச் சாமான் வாங்கிப்போவார்கள். பாதிக்குமேல் பற்றுக்கணக்குதான். பருவம் வந்து வேர் தோண்டும்போது பாக்கி அடையும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குவாலாவைச் சுற்றி ஓகோனலஃப்டி ஆற்றங்கரையில் வாழ்ந்த செரோக்கியர், செரோக்கி நாட்டின் எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் அல்லர். 1819 ஒப்பந்தத்தில் அந்தப் பகுதி கைமாறியபோது, நாட்டோடு போகாமல், மாநிலத்தின் குடிமக்களாக அங்கேயே இருப்போம் என்று பிரிந்து நின்றவர்கள் அவர்கள். எண்ணிக்கையில் சில நூறு பேர்தான். 1831இல் தங்கள் சட்ட விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும்படி அவர்கள் கடைக்காரரைக் கேட்டுக்கொண்டார்கள்.

1835 டிசம்பர் 29 அன்று நியூ எக்கோட்டாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. செரோக்கி மக்களில் ஒரு சிறு பிரிவினர் மட்டும் கையெழுத்திட, மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த நிலம் முழுவதும் 50 லட்சம் டாலருக்குப் போனது. முதன்மைத் தலைவர் ஜான் ராஸ் எதிர்த்தார். ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். ஆனாலும் 1836 மே மாதம் செனட் அவை ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் அளித்தது. இரண்டு ஆண்டுகளுக்குள், அதாவது 1838 மே 23க்குள், எல்லோரும் மேற்கே போய்விட வேண்டும்.

கவனித்தது

சட்டம் படித்த கடைக்காரரின் கண் ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவில் நின்றது. போக விரும்பாமல், தாம் வாழும் மாநிலத்திலேயே குடிமக்களாக இருக்க விரும்புவோருக்கும் ஒப்பந்தப் பயன்களில் உரிய பங்கு உண்டு என்று அது சொன்னது. தங்குவோருக்கு ஆளுக்கு 160 ஏக்கர் நிலத்தில் முன்னுரிமை தரும் வரிகளும் முதலில் அதில் இருந்தன. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் அதற்கு ஒத்துக்கொள்ளாததால், 1836 மார்ச்சில் எழுதப்பட்ட துணைப் பிரிவுகள் அந்த நிலத்தை நீக்கிவிட்டன. நிலம் போனது, ஆனால் பணப்பங்கு நின்றது. குவாலா மக்களின் கோரிக்கை முழுவதும் அந்த மிச்சத்தின் மேல்தான் நின்றது.

அவர் கண்ட இரண்டாவது விஷயம், பணம் எந்த வழியாக மக்களிடம் வரும் என்பது. ஒப்பந்தப் பகுதிக்குள் மதிப்பீட்டாளர்கள் வீடுவீடாகப் போனார்கள். மரக்கட்டை வீடு எத்தனை, தானியக் கொட்டகை எத்தனை, வேலியடைத்த வயல் எவ்வளவு, ஆப்பிள் மரமும் பீச் மரமும் எத்தனை என்று எண்ணி விலை போட்டார்கள். அந்தத் தொகையிலிருந்து அந்தக் குடும்பத்தின் நியாயமான கடன்களைக் கழித்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தந்தது. மலையில் யாரிடம் கடன் இருக்கும்? கடைக்காரரிடம்தான். மக்களுக்குப் பணம் வாங்கித்தரப் போகும் ஆள் அதே மக்களுக்குக் கடன் கொடுத்தவராகவும் இருந்தார். இந்த நிகழ்வின் முடிச்சு இங்கேயே விழுந்துவிட்டது. யாரும் அன்றைக்கு அதை முடிச்சாகப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது, குவாலா மக்களின் வீடுகள் ஒப்பந்தப் பகுதிக்கு வெளியே இருந்தன. ஆகவே மதிப்பீட்டாளர் அங்கே மரம் எண்ண வரமாட்டார். அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது தலைக்கு இவ்வளவு என்று வரும் பங்கும், பயணத்துக்கும் பிழைப்புக்கும் ஒதுக்கிய தொகையும்தான். அதை அதிகாரிகள் தாமாகக் கொண்டுவந்து கொடுக்கப்போவதில்லை. யாராவது வாஷிங்டன் போய் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, தானே போவது. 1836இல் குவாலா மக்களின் முகவராக அவர் வாஷிங்டன் சென்றார். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி இப்படித்தான் கழிந்தது. ரயில் அந்த மலைகளை எட்டியிருக்கவில்லை. வீட்டையும் பண்ணையையும் தாய் பார்த்துக்கொண்டார். கடைகளைக் கணக்குப்பிள்ளைகள் பார்த்தார்கள். வாஷிங்டனிலிருந்து கடிதம் வழியாகவே உத்தரவு போகும். அவர் இல்லாத நாளில் வீட்டு வேலையும் நிலத்து வேலையும் தடையின்றி நடந்ததில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களின் உழைப்பும் அடக்கம். ஒரு மக்களின் உரிமைக்காக அலைந்தவர் இன்னொரு மக்களை உடைமையாக வைத்திருந்தார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கணக்கை எழுதக்கூடாது.

1837 மே மாதம் அமெரிக்க வங்கிகள் தாள் பணத்துக்கு ஈடாகத் தங்க, வெள்ளி நாணயம் தருவதை நிறுத்தின. கடனில் சரக்கெடுத்துக் கடனில் விற்கும் எந்த வியாபாரிக்கும் அது மோசமான காலம். முதலாளி ஊரில் இல்லாத கடையில் பாக்கி வசூல் எப்படி நடக்கும் என்று கடை வைத்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அவர் வாஷிங்டன் வேலையை விடவில்லை. கோரிக்கை ஜெயித்தால் தனக்கும் கூலி வரும் என்ற எதிர்பார்ப்பு அதில் உண்டு. தன்னை மகனாக ஏற்றவருக்குச் செய்யவேண்டிய கடமை என்ற எண்ணமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது, பிரிக்க வேண்டியதும் இல்லை என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது முடிவு கடினமானது. 1838 மே மாதக் கடைசியில் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட்டின் படைகள் செரோக்கியரைப் பிடித்து முகாம்களில் அடைக்கத் தொடங்கின. சுமார் 16,000 பேர் மேற்கே அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ 4,000 பேர் முகாமிலும் வழியிலும் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மலைகளுக்குள் சிலர் ஓடி ஒளிந்தார்கள். அந்த நவம்பரில், பிடிபட்ட ஒரு குடும்பம் தப்பியபோது இரண்டு சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். படை அந்தக் குடும்பத்தைத் தேடியது. குவாலா மக்கள் சட்டப்படி தங்குகிறவர்கள், ஓடி ஒளிந்தவர்களோடு அவர்களைச் சேர்க்கக்கூடாது என்று காட்டுவதற்காகக் கடைக்காரர் படைக்கு உதவினார். பிடிபட்ட அந்தக் குடும்பத்து ஆண்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். குவாலா மக்கள் தங்கினார்கள். தேடுதலில் உதவிய இன்னொரு மலைக் கூட்டத்துக்கும் தங்க அனுமதி கிடைத்தது. இந்த முடிவைப் பாராட்டவும் எனக்கு மனம் வரவில்லை, எளிதாகக் கண்டிக்கவும் வரவில்லை.

1839 ஏப்ரலில் வயதான தலைவர் இறந்தார். இந்த மண்ணைவிட்டுப் போகாதீர்கள் என்று தம் மக்களிடம் சொல்லிவிட்டு, மகனாக ஏற்றவரையே அடுத்த பொறுப்புக்குக் காட்டிவிட்டுப் போனார். கடைக்காரர், கடன் கொடுத்தவர், முகவர், வழக்காடுபவர், இப்போது தலைவர். இத்தனையும் ஒரே ஆள்.

மூன்றாவது முடிவு நிலம். அரசிடமிருந்து வந்த இழப்பீட்டுத் தொகைகளைக் கொண்டும் மக்களிடம் சேர்ந்த பணத்தைக் கொண்டும் 1840களில் இருந்து ஓகோனலஃப்டி ஆற்றங்கரையிலும் சோகோ ஓடைக்கரையிலும் துண்டு துண்டாக நிலம் வாங்கினார். வாங்கியதை ஐந்து ஊர்களாக வகுத்தார்: பறவை ஊர், வண்ண ஊர், ஓநாய் ஊர், மஞ்சள் குன்று, பெரும் பள்ளத்தாக்கு. முதல் மூன்று பெயரும் செரோக்கிக் குலங்களின் பெயர்கள்.

செரோக்கியர் நிலம் வைத்துக்கொள்ள உரிமையுள்ளவர்கள் என்பதை மாநிலம் அப்போது ஏற்கவில்லை. ஆகவே கிரயப் பத்திரங்கள் கடைக்காரர் பெயரில் பதிவாயின. நம் ஊரில் இதற்குப் பினாமி என்று ஒரே சொல்லில் பெயர் சொல்லிவிடுவோம். ஆனால் அன்றைக்கு அங்கே வேறு வழி இல்லை. பத்திரத்தில் அவர் பெயர் இருந்ததால்தான் அந்த மக்களின் காலடியில் நிலம் இருந்தது.

தொடர்ந்து நடந்தது

1848 ஜூலையில் அவருடைய அலைச்சலுக்குப் பலன் கிடைத்தது. 1836இல் வட கரோலினாவில் இருந்து, மேற்கே போகாமல் தங்கிவிட்ட ஒவ்வொரு செரோக்கியருக்கும் 53 டாலர் 33 சென்ட் ஒதுக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பயணச் செலவு 20 டாலர், பிழைப்புச் செலவு 33 டாலர் 33 சென்ட். அசல் கைக்கு வராது. மேற்கே போனால்தான் தருவோம் என்றார்கள். அதுவரை நூற்றுக்கு 6 வட்டி, ஆளுக்கு ஆண்டுக்கு 3 டாலர் 20 சென்ட். உரியவர்கள் யார் என்று கணக்கெடுத்த பட்டியலில் 1,517 பேர் இருந்தார்கள். அசல் தொகை மட்டும் 80,000 டாலருக்குச் சற்று மேலே வருகிறது.

பன்னிரண்டு ஆண்டு அலைச்சலுக்கு இது சிறிய தொகையாகத் தோன்றலாம். எனக்குப் பெரியதாகவே படுகிறது, பணத்துக்காக அல்ல. போகாமல் தங்கியவர்களும் ஒப்பந்தத்தின் பங்காளிகள், அவர்கள் பெயர்ப்பட்டியல் அரசிடம் இருக்கிறது என்பது அந்தச் சட்டத்தால் உறுதியானது. துரத்துகிறவனிடம் ஒரு தாள் நீட்ட முடிகிறது என்றால் அது சாதாரணம் அல்ல.

1855இல் இன்னொரு படி. செரோக்கியர் நிரந்தரமாகத் தங்கலாம் என்று வட கரோலினா உறுதி கொடுத்தால், அந்த அசலையே தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கலாம் என்று நாடாளுமன்றம் சொன்னது. மாநிலம் வாய் திறக்கவில்லை. 1848 முதல் மாநில மேலவையில் உறுப்பினராகவே இருந்தும் கடைக்காரரால் அந்த உறுதியை வாங்க முடியவில்லை. அது வந்தது 1866இல்தான்.

இடையில் உள்நாட்டுப் போர். கடைக்காரர் தெற்கு மாநிலங்களின் பக்கம் நின்று, செரோக்கியரும் மலைவாழ் வெள்ளையரும் அடங்கிய ஒரு படையைத் திரட்டி நடத்தினார். போர் முடிந்தபோது கடை இல்லை, வசூல் இல்லை, கடன் மட்டும் இருந்தது. 1867இல் மனநலம் குலைந்தது. அதன்பிறகு 1893இல் இறக்கும்வரை பெரும்பாலும் மருத்துவமனையிலும் வீட்டார் பராமரிப்பிலுமாகவே வாழ்ந்தார்.

கடைக்காரருக்குக் கடன் கொடுத்தவர் நீதிமன்றம் போனார். கடைக்காரர் பெயரில் என்னென்ன நிலம் இருக்கிறதோ அத்தனையும் ஜப்திக்கு உட்பட்டது. 1869இல் ஷெரீஃப் ஏலத்தின் வழியாகச் செரோக்கியரின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. முப்பது ஆண்டுகளுக்கு முன் படையைத் தாண்டித் தங்கிய மக்கள், இப்போது ஒரு பேரேட்டுப் பாக்கியால் வெளியேறும் நிலைக்கு வந்தார்கள். நிலத்தை விடுவிக்கச் செரோக்கியர் கடன் கொடுத்தவருக்கு 6,500 டாலர் கட்டினார்கள். அப்படியும் பத்திரம் வரவில்லை.

1870இல் நாடாளுமன்றம் அவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் அதிகாரம் தந்தது. கடைக்காரர், கடன் கொடுத்தவர், பழைய கணக்குப்பிள்ளை ஆகிய மூவர் மீதும் வழக்கு. விஷயம் மூன்று நடுவர்களிடம் போனது. 1874 அக்டோபர் 23 அன்று தீர்ப்பு வந்தது. அதன் கணக்கை அப்படியே பார்ப்பது நல்லது. சுமார் 50,000 ஏக்கர் கொண்ட குவாலா நிலம் செரோக்கியரின் பணத்தில், செரோக்கியருக்காக வாங்கப்பட்டது. கிரயத்தில் அவர்கள் கடைக்காரருக்குத் தரவேண்டிய பாக்கி 18,250 டாலர். கடன் கொடுத்தவருக்கு அவர்கள் கட்டியது வட்டியோடு 8,486 டாலர். கணக்குப்பிள்ளையிடம் ஒப்படைக்கப்பட்டு, கடைக்காரருக்கு அவர்கள் தரவேண்டிய பழைய பாக்கிக்காகக் கடைக்காரரிடமே போய்ச்சேர்ந்த இன்னொரு தொகை வட்டியோடு 2,697 டாலர் 89 சென்ட். இரண்டையும் கழித்தால் மிச்சம் 7,066 டாலர் 11 சென்ட். இதைக் கட்டினால் நிலம் செரோக்கியருடையது. அதுவரை கடன் கொடுத்தவர் அதை ஈடாக மட்டுமே வைத்திருக்கலாம்.

அந்த 2,697 டாலரில்தான் என் மனம் நிற்கிறது. மக்களின் பணம் கணக்குப்பிள்ளை கைக்கு வருகிறது. மக்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம் (பவர்) இருக்கிறது. உங்கள் பெயரில் கடையில் பாக்கி இருக்கிறது என்று அதை முதலாளியிடம் கொடுத்துவிடுகிறார். திருட்டு என்று சொல்ல முடியாது, பாக்கி உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் பணத்துக்கு உரியவர்களைக் கேட்காமலே அது கைமாறிவிட்டது.

என்ன மாறியிருக்க வேண்டும்

கடைக்காரர் நேர்மையற்றவர் என்றால் இந்த ஆய்வு எளிதாக முடிந்திருக்கும். நடுவர்களே அவர் மக்களுக்காகத்தான் நிலம் வாங்கினார் என்று கண்டார்கள். அவருடைய நோக்கத்தில் பழுது இல்லை, அந்த நோக்கத்தை ஆவணமாக்காததில்தான் பழுது. ஒவ்வொரு கிரயத்தின்போதும், இது இன்னாருக்காக, இன்னார் பணத்தில், என் பெயரில் வைத்திருக்கிறேன் என்று ஒரு பொறுப்புப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்திருந்தால், ஜப்தி வந்த நாளில் அதைக் காட்டியிருக்கலாம். வட கரோலினாவிலேயே அதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. 1838 மே 18க்குப் பிறகு, செரோக்கியரோடு 10 டாலர் அல்லது அதற்குமேல் செய்யும் எந்த ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்பது மாநிலச் சட்டம். பத்து டாலருக்கு இரண்டு சாட்சி கேட்ட ஊரில், ஐம்பதாயிரம் ஏக்கர் ஒருவரின் மனச்சாட்சியில் நின்றது.

கடைக் கணக்கும் முகவர் கணக்கும் வேறு வேறு ஆட்களிடம் இருந்திருக்க வேண்டும். அவர் வாஷிங்டனில் இருந்த காலத்தில் வசூலுக்கு ஒருவர், மக்களின் பணத்துக்கு வேறொருவர், அந்த இரண்டாமவர் செரோக்கியராக இருந்திருக்க வேண்டும். இது அந்தக் காலத்துக்கு அதிகமான எதிர்பார்ப்பு அல்ல. செரோக்கி மக்களுக்குச் சொந்த எழுத்து இருந்தது. 1828 முதலே அந்த எழுத்தில் செய்தித்தாள் அச்சானது. கடைக்காரருக்கும் அந்த எழுத்து தெரியும். வந்தது எவ்வளவு, நிலத்துக்குப் போனது எவ்வளவு, கடைப் பாக்கி எவ்வளவு என்று ஆண்டுக்கொரு முறை அந்த எழுத்தில் ஒரு தாள் எழுதி, ஐந்து ஊர்க்கூடங்களிலும் ஒட்டியிருக்கலாம். அப்படி ஒட்டியிருந்தால் 1874இல் மூன்று நடுவர்கள் உட்கார்ந்து கூட்டிக் கழித்ததை ஊரே முன்கூட்டியே கூட்டிக் கழித்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அவருக்குப் பின் யார் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. வயதான தலைவர் போகும்போது ஒருவரைக் காட்டிவிட்டுப் போனார். கடைக்காரர் யாரையும் காட்டவில்லை. 1867இல் அவர் நினைவு தடுமாறியபோது, எந்தத் துண்டு நிலம் யார் பணத்தில் வாங்கியது என்ற விவரத்தில் பாதி அவரோடு போயிற்று.

மாற்றம் கடைசியில் வந்தது, நீதிமன்றத்தின் வழியாக. 1875இல் நாடாளுமன்றம் ஒரு வழி செய்தது. 1848இல் ஒதுக்கி, மேற்கே போனால்தான் தருவோம் என்று கருவூலத்திலேயே வைத்திருந்த அந்த 53 டாலர் 33 சென்ட் நிதியை, நிலம் வாங்கவும் பத்திரச் சிக்கல் தீர்க்கவும் பயன்படுத்த அனுமதித்தது. கடைக்காரர் பன்னிரண்டு ஆண்டு வாஷிங்டனில் அலைந்து வாங்கிக்கொடுத்த தொகை, அவர் பெயரில் இருந்த பத்திரங்களை மீட்கப் போயிற்று. புதுப் பத்திரம் பழங்குடி விவகார ஆணையரின் பெயரில், கிழக்குச் செரோக்கியருக்கான பொறுப்புடைமையாக எழுதப்பட்டது. அந்த நிலத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.